குளிர்பெட்டியில் ஒரு ஜிங்க், அலமாரியில் ஒரு ஜிங்க்: மருந்துக் கடை அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கடைகளில் நின்று சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துத் தரும் அன்பர்களுக்கு,

டி.பார்ம் முடித்துச் சொந்தக் கடை வைத்திருப்பவர்கள், மாதச் சம்பளத்துக்கு நிற்பவர்கள், அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் மருந்தியல் மாணவர்களுக்கு உயிர்வேதியியல் நடத்துகிறவள். சர்க்கரை நோயுள்ள ஒருவர் டாக்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் உங்களை மாதந்தோறும் பார்க்கிறார். அங்கே கேட்கத் தயங்கியதை உங்களிடம் கேட்கிறார். "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா தம்பி?" என்ற கேள்வி வந்து விழும் இடம் உங்கள் கண்ணாடி மேசைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரியவந்தது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம், கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை சொல்பவர் நீங்கள்தான்.

எழுத வந்த விஷயம் ஜிங்க். பாடப் புத்தகத்தில் துத்தநாகம். உங்கள் கடையில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, குளிர்பெட்டியில் அடுக்கிய இன்சுலின் பாட்டில்களுக்குள். அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைப் பிரித்துப் பார்த்தால் ஜிங்க் குளோரைடு என்றோ ஜிங்க் ஆக்சைடு என்றோ பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். இன்னொன்று, கொரோனாவுக்குப் பிறகு எல்லாக் கடையிலும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட ஜிங்க் மாத்திரை.

இந்த இரண்டையும் முடிச்சுப் போடும் பேச்சு ஒன்று கடைகளில் உலவுகிறது. ஒரு கடையில் இன்சுலின் வாங்க வந்த ஓர் அம்மாவிடம், பாட்டிலைப் பையில் போட்ட இளைஞர், சீட்டில் இல்லாத 50 மில்லிகிராம் ஜிங்க் அட்டை ஒன்றையும் எடுத்து வைத்தார். "இன்சுலின் ஊறுறதுக்கு ஜிங்க் வேணும்மா. டெய்லி ஒண்ணு போடுங்க, சுகர் இறங்கும்" என்றார். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நோட்டுகளை நீவிவிட்டு எண்ணிக் கொடுத்தார். அந்தத் தம்பி ஏமாற்றுகிற எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கோ படித்ததை நம்பித்தான் சொன்னார். அவர் சொன்னதன் முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதிக்குத்தான் ஆதாரம் இல்லை. முதல் பாதி எவ்வளவு சரி என்று முழுக்கத் தெரிந்துகொண்டவர் இரண்டாம் பாதியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கணையத்தில் பெரும்பகுதி செரிமானச் சாறு சுரக்கும் திசு. அதற்கு நடுவே அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு திட்டுகளை 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் பார்த்து எழுதினார். எல்லாத் திட்டுகளையும் சேர்த்தாலும் கணையத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான் வரும். அந்தத் திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினை உருவாக்குகின்றன. ஒவ்வொரு பீட்டா செல்லிலும் ஆயிரக்கணக்கில் நுண்ணிய பைகள் இருக்கும். செய்து முடித்த இன்சுலின் அவற்றுக்குள் காத்திருக்கும். நம் உடலில் ஜிங்க் மிக அடர்த்தியாகக் குவிந்திருக்கும் இடங்களில் இந்தப் பைகளும் ஒன்று. இரத்தத்தில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்கு அளவுக்கு அங்கே ஜிங்க் செறிந்திருக்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இறந்தவர் தானமாகத் தந்த கணையத்திலிருந்து திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து நோயாளிக்குச் செலுத்தும் சிகிச்சை ஒன்று உண்டு. கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் ஷாப்பிரோவின் குழு ஏழு பேருக்கு இதை வெற்றிகரமாகச் செய்த முறையை 2000இல் வெளியிட்டது. கணையத்தை நொதி ஊற்றிக் கரைத்தால் கிடைப்பது ஒரு பழுப்புக் கூழ். அதில் திட்டு எது, வேண்டாத திசு எது என்று சும்மா பார்த்துச் சொல்வது கடினம். கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டு, டைத்தைசோன் என்ற சாயத்தைச் சில துளி சேர்ப்பார்கள். அந்தச் சாயம் ஜிங்க்கைத் தேடிப் பிடிக்கும். சில நிமிடத்தில், பழுப்புத் துணுக்குகளுக்கு நடுவே திட்டுகள் மட்டும் செக்கச்செவேல் என்று தெரியும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அந்தச் சிவப்பு மணிகளை எண்ணித்தான் நோயாளிக்குப் போதுமான திட்டுகள் கிடைத்தனவா என்று முடிவு செய்கிறார்கள். பீட்டா செல்லுக்குள் ஜிங்க் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

அவ்வளவு ஜிங்க் அங்கே என்ன செய்கிறது? இன்சுலினைக் கட்டி வைக்கிறது. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் ஒரு வளையமாகச் சேர்கின்றன. ஒவ்வொன்றிலும் பி சங்கிலியின் பத்தாவது இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் உண்டு. மூன்று ஹிஸ்டிடின்கள் ஒரு ஜிங்க் அயனியைப் பிடித்துக்கொள்ளும், மற்ற மூன்றும் இன்னொன்றை. ஆறு இன்சுலினுக்கு இரண்டு ஜிங்க் என்பது கணக்கு. இப்படிப்பட்ட வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படிகமாகின்றன. பாகு கற்கண்டாக இறுக நூல் எப்படியோ, இன்சுலின் படிகமாக இறுக ஜிங்க் அப்படி. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் ஒவ்வொரு பைக்கு நடுவிலும் கறுப்பாக ஒரு கட்டியும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். அந்தக் கறுப்புக் கட்டிதான் இன்சுலின் படிகம். படிகமாக இருந்தால் கொஞ்ச இடத்தில் நிறைய அடங்கும், எளிதில் சிதையாது, செல்லுக்குள்ளேயே வேலையைத் தொடங்கியும் விடாது. ஏனென்றால் ஆறாகக் கட்டிய இன்சுலினால் சர்க்கரையைக் குறைக்க முடியாது. ஒற்றை மூலக்கூறுதான் ஏற்பியில் போய் உட்கார முடியும்.

நாம் சாப்பிட்டதும் பைகள் செல்லின் ஓரத்துக்கு வந்து திறக்கின்றன. பைக்குள் அமிலத்தன்மை அதிகம், பி.எச். சுமார் 5.5. வெளியே இரத்தத்தில் 7.4. அமிலம் நீங்கியதும், ஜிங்க் இரத்தத்தில் நீர்த்துப் போனதும் படிகம் குலைந்து இன்சுலின் ஒவ்வொன்றாகப் பிரிகிறது. விடுபட்ட ஜிங்க்கும் இன்சுலினோடு சேர்ந்து கல்லீரலுக்குப் போகிறது. கணையம் விடும் இன்சுலினில் பாதியளவைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே அழித்துவிடும். கூட வரும் ஜிங்க் அந்த அழிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் எலிகளில் காட்டினார்கள்.

இதுவரை படித்தால் "அப்படியானால் ஜிங்க் சாப்பிட்டால் நல்லதுதானே?" என்று கேட்கத் தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. இதற்குமேல்தான் கதை திரும்புகிறது.

இரத்தத்தில் ஜிங்க் இருப்பதாலேயே அது பைக்குள் போய்விடாது. பையின் சுவரில் நின்று ஜிங்க்கை உள்ளே ஏற்றும் புரதம் ஒன்று வேண்டும். அதற்கு இசட்.என்.டி.8 என்று பெயர். பிரான்சில் ஃபாப்ரிஸ் சிமியென்டியும் அவருடைய சகாக்களும் 2004இல் அதை இனம்கண்டார்கள். உடலில் அது பெரும்பாலும் கணையத் திட்டுகளில்தான் இருக்கிறது. 2007இல் மனித மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்துப் பார்த்த ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு தொடர்புள்ள இடங்களில் ஒன்றாக இந்தப் புரதத்தின் மரபணுவே வந்து நின்றது. அதன் 325ஆவது இடத்தில் அர்ஜினின் இருந்தால் நோய் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, டிரிப்டோஃபேன் இருந்தால் குறைகிறது. அதே ஆண்டில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் வகைச் சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேரின் இரத்தத்தில் இந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. இன்று குழந்தைகளுக்கு முதல் வகையை உறுதிசெய்யச் செய்யும் சோதனைகளில் அதுவும் ஒன்று.

ஜிங்க் ஏற்றும் புரதம் பழுதானால் இன்சுலின் பழுதாகும், நோய் வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்த மரபணுவை நீக்கிய எலிகளின் பைகளில் கறுப்புப் படிகங்கள் காணாமல் போகவும் செய்தன. ஆனால் 2014இல் சுமார் 1,50,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்த முடிவு வெளிவந்தபோது நேர்மாறாக இருந்தது. இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே செயலற்றுப் போன மனிதர்களுக்கு, அதாவது பைக்குள் ஜிங்க் ஏற்றும் திறன் குறைந்தவர்களுக்கு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 65 சதவீதம் குறைவு. 2019இல் பின்லாந்துக் குடும்பங்களில் இதே குறைபாடு உள்ளவர்களைச் சோதித்தபோது, சர்க்கரை ஏறும்போது அவர்களுக்கு இன்சுலின் இன்னும் நன்றாகவே சுரந்தது. பீட்டா செல்லுக்குள் ஜிங்க் கூடினால் நன்மை, குறைந்தால் தீமை என்ற எளிய கணக்கு அத்தோடு உடைந்தது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்து செய்ய முடியுமா என்றுகூட இப்போது யோசிக்கிறார்கள்.

கினிப் பன்றியைப் பாருங்கள். அதன் இன்சுலினில் பத்தாவது இடத்தில் ஹிஸ்டிடின் இல்லை. ஜிங்க்கைப் பிடிக்கவும் தெரியாது, ஆறாகச் சேரவும் தெரியாது. கினிப் பன்றி நன்றாகத்தான் வாழ்கிறது. ஜிங்க் இல்லாமலும் இன்சுலின் வேலை செய்யும் என்பதற்கு இயற்கை வைத்திருக்கும் உதாரணம் அது.

கடையில் நிற்பவர் இந்த மரபணு எண்களை எல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒன்று போதும். வாயில் போடும் ஜிங்க்குக்கும் பீட்டா செல்லின் பைக்கும் நடுவே பல கதவுகள் இருக்கின்றன. அவற்றைத் திறப்பதும் மூடுவதும் செல்தான், மாத்திரை அல்ல.

"சுகர்காரங்களுக்கு இரத்தத்துல ஜிங்க் கம்மியா இருக்குன்னு சொல்றாங்களே மேடம்" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பலருக்குக் குறைவாக இருப்பது உண்மைதான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது சிறுநீரில் ஜிங்க் அதிகம் வெளியேறுகிறது. அப்படிப் பார்த்தால் அந்தக் குறைவு நோயின் விளைவு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதே அதற்கு முதல் மருந்து. ஜிங்க் மாத்திரை கொடுத்துப் பார்த்த சில சிறு ஆய்வுகளில் சர்க்கரை ஓரளவு இறங்கியதும் உண்டு. ஆனால் அந்த ஆய்வுகள் அளவிலும் முறையிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. குறைபாடு இல்லாதவர்கள் சர்க்கரைக்காக வைட்டமின், தாது மாத்திரைகள் சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஆதாரம் போதாது என்பதே அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிலைப்பாடு.

இனி அளவுக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஆணுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம் ஜிங்க் போதும் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கான உச்சவரம்பாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அந்த வரம்பைத் தாண்டுகிறது. அதை மாதக்கணக்கில் போட்டால் குடலில் தாமிரம் ஏறுவது தடைபடும். தாமிரம் குறைந்தால் இரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும், காலில் மரத்துப்போதலும் தள்ளாட்டமும் வரும். சர்க்கரைக்காரர் கால் மரக்கிறது என்று சொன்னால் யாருக்கு ஜிங்க் நினைவுக்கு வரும்? சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று எழுதி, அதற்கும் ஒரு மாத்திரை சேர்ப்பார்கள். உங்கள் கடையில் சீட்டில்லாமல் கொடுத்த ஓர் அட்டை இப்படி யாருக்கும் தெரியாமல் ஒருவரை முடக்கிப்போடலாம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளோடு ஜிங்க்கைச் சேர்த்து விழுங்கினால் அந்த மருந்து சரியாக ஏறாது என்பதை நீங்களே படித்திருப்பீர்கள்.

ஜிங்க் மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் கொடுக்கும் 20 மில்லிகிராம் ஜிங்க் உயிர் காக்கும் மருந்து. அதை வாங்க வரும் தாய் மூன்றாம் நாளே நிறுத்திவிடாமல் பதினான்கு நாளும் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு முட்டை, ஆட்டுக்கறி, நண்டு, நிலக்கடலை, எள், பயறு இவற்றிலேயே ஜிங்க் கிடைக்கும். தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் ஜிங்க்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவைப் புளிக்கவைப்பதும் பயறை முளைகட்டுவதும் அந்தப் பிடியைத் தளர்த்தும். இட்லி மாவுக்கு ஓர் இரவு தருவதில் இந்தப் பலனும் உண்டு.

இப்போது குளிர்பெட்டியைத் திறவுங்கள். நீங்கள் பெருமைப்பட வேண்டிய ஜிங்க் அங்கேதான் இருக்கிறது.

டொரன்டோவில் பேன்டிங்கும் பெஸ்டும் எடுத்த இன்சுலினை 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு 14 வயதுச் சிறுவனுக்குப் போட்டார்கள். அந்தக் கால இன்சுலின் மாசு நிறைந்த சாறு. 1926இல் அமெரிக்கரான ஜான் ஜேக்கப் ஏபல் அதைப் படிகமாக்கிக் காட்டினார், ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லா நேரமும் படிகம் வரவில்லை. 1934இல் டொரன்டோவின் டி.ஏ. ஸ்காட் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஜிங்க் போன்ற உலோகம் இருந்தால்தான் படிகம் வரும். கணையத்தில் ஜிங்க் ஏன் குவிந்திருக்கிறது என்ற கேள்விக்கும் அதிலிருந்தே வழி பிறந்தது. டென்மார்க்கின் ஹாகெடார்ன், மீனின் விந்துவிலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தைச் சேர்த்து இன்சுலின் மெதுவாகக் கரையும்படி செய்தார். அதோடு ஜிங்க்கும் சேர்ந்து 1946இல் என்.பி.ஹெச். வந்தது. அதில் உள்ள ஹெச் என்ற எழுத்து ஹாகெடார்ன்தான். ஆக்ஸ்ஃபோர்டில் டொரோத்தி ஹாட்ஜ்கின் 1935இல் இன்சுலின் படிகத்தை எக்ஸ்ரே படம் எடுத்தார். அணுக்கள் இருக்கும் இடம் முழுவதும் தெரிந்தது 1969இல். ஆறு இன்சுலினும் இரண்டு ஜிங்க்கும் கொண்ட வளையம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக விளங்கிய எம். விஜயன்.

நீங்கள் விற்கும் தெளிந்த சாதாரண இன்சுலினுக்குள்ளும் அதே வளையங்கள்தான் மிதக்கின்றன. ஜிங்க் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும், மாத்திரையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஊசி போட்ட இடத்தில் அந்த வளையம் இரண்டிரண்டாகவோ ஒன்றொன்றாகவோ பிரிந்த பிறகே இன்சுலின் இரத்தக் குழாய்க்குள் எளிதில் நுழைய முடியும். அதற்கு நேரம் பிடிக்கும். சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வது இதனால்தான். ஊசியைப் போட்ட கையோடு தட்டின் முன்னால் உட்கார்ந்தால் சர்க்கரை முந்திக்கொள்ளும், இன்சுலின் பின்னால் வந்து சேரும். 1996இல் வந்த லிஸ்ப்ரோவில் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி, வளையம் சட்டென்று பிரியும்படி செய்தார்கள். அதனால்தான் அதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம். டெக்லுடெக்கில் நேர்மாறு. தோலுக்கடியில் வளையங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, ஜிங்க் மெல்ல மெல்ல விலக விலக இன்சுலின் ஒரு நாளுக்கும் மேலாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

நம் ஊரில் அதிகம் போகும் முப்பது எழுபது கலவையில் எழுபது பங்கு கலங்கல். அந்தக் கலங்கல், புரோட்டமினும் ஜிங்க்கும் சேர்ந்த இன்சுலின் படிகங்கள். பாட்டிலை வைத்த இடத்திலேயே விட்டால் படிகம் அடியில் வெள்ளையாகப் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். உருட்டாமல் ஊசியில் ஏற்றினால் இன்று ஓர் அளவு, நாளை ஓர் அளவு. காலையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தவரும், மாலையில் முந்நூறு காட்டியவரும் ஒரே பாட்டிலைப் பயன்படுத்திய ஒரே ஆளாக இருக்கலாம். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்து எடுத்தால், பால்போல ஒரே சீராக வெளுக்கும். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துவிடும். பனிக்கட்டி அறையை ஒட்டி வைத்து உறைந்துபோன பாட்டிலில் படிகங்கள் கெட்டியாகிச் சேதமாகிவிடும். உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் அதை விற்காதீர்கள்.

அன்பர்களே, இதை எல்லாம் நோயாளியிடம் விளக்கிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் கிடையாது, சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையில் நிற்கும் கூட்டம் எனக்குத் தெரியும். கலங்கல் பாட்டிலை நீட்டும்போது ஒருமுறை நீங்களே கையில் உருட்டிக் காட்டுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. சாதாரண இன்சுலினாக இருந்தால் "போட்டு அரை மணி கழிச்சுச் சாப்பிடுங்க" என்று சொல்லுங்கள். லிஸ்ப்ரோவாக இருந்தால் "போட்டதும் சாப்பிட்டுடுங்க, தாமதிக்காதீங்க" என்று சொல்லுங்கள். யாராவது சர்க்கரைக்கு ஜிங்க் கேட்டு வந்தால், "டாக்டர் எழுதியிருக்காரா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எழுதவில்லை என்றால் அந்த அட்டையை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். அந்த ஒரு அட்டையில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் சில ரூபாய்தான். மாதாமாதம் உங்களை நம்பி வருகிற ஆளுக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓர் உயிர்வேதியியல் ஆசிரியை